கிரகண நேரத்தில் ரேடியோவையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

கிரகணம் என்றால் கோயில் நடை சாத்தும் நேரமும் பரிகார நட்சத்திரங்களும் தவறாமல் அச்சேறுகின்றன. வான்வெளியில் அப்போது நடப்பதற்கு இரண்டு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிப்பதால் உருவாவது அயனி மண்டலம். நிலா சூரியனை மறைத்தால் அந்த உற்பத்தி சரிகிறது. கீழடுக்கில் எலக்ட்ரான்கள் சில நிமிடங்களிலேயே அயனிகளோடு மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. பகலில் மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலியை விழுங்குவது இந்த அடுக்குதான். அது மெலிந்தால், வழக்கமாக இரவில் மட்டும் எட்டும் தொலைதூர நிலையங்கள் பட்டப்பகலில் கரகரப்போடு கேட்கக்கூடும். 300 கிலோமீட்டர் உயரத்திலோ மாற்றம் நிதானமாகவே நிகழ்கிறது. முழு கிரகணத்திலும் அயனியாக்கம் அடியோடு நிற்பதில்லை. சூரியனைச் சூழ்ந்த வெப்ப வாயுப் போர்வையான கொரோனா எக்ஸ் கதிர்களை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, தனுஷ்கோடி வழியே கங்கண கிரகணம் (சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம்) கடந்தபோது, இஸ்ரோ திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவிலிருந்து ஆய்வு ராக்கெட்டுகளை ஏவியது. தும்பா பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம். அங்கே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டமே பாய்கிறது! எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் நடந்த இந்தச் சோதனை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டைக் கடக்கும் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று மதுரை வழியாகச் செல்கிறது. அதற்குள் ஒரு பழைய மத்திய அலை ரேடியோவை வைத்து மாணவர்கள் என்ன பதிவு செய்யலாம் என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதுங்கள். தர்ப்பைப் புல் செய்தி பக்கத்திலேயே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு வாசகி,
நாகர்கோவில்