பிடுங்கிய செடியை அன்றே அள்ளச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் பூங்காவில் பார்த்தீனியம் என்னும் களைச்செடியைப் பிடுங்கும் எங்களைத் தங்கள் அலுவலகம் நன்கறியும். முன் அனுமதி இல்லாமல் ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் தந்துவிட்டோம். இந்த மடல், பிடுங்கிப் போட்டு அள்ளப்படாமல் பூங்கா வாசலில் கிடக்கும் செடிக் குவியலைப் பற்றியது.

பிடுங்குவது பெரிய பாடில்லை. மழைக்குப் பிறகு மண் இளகியிருந்தால் வேரோடு வந்துவிடும். எங்களோடு வரும் ஓர் அம்மாவுக்குக் கையுறைக்கு மேலே செடி உரசிய இடமெல்லாம் தடித்துக் கொப்புளமாகி, இன்னும் களிம்பு போடுகிறார். அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "பிடுங்கிப் போட்டதை ஏன் தம்பி யாரும் அள்ள மாட்டேங்கிறாங்க?" என்பதுதான் அவர் கேள்வி.

குப்பை வண்டிக்காரர் வீட்டுக் குப்பை மட்டும்தான் எடுப்பாராம். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் சுகாதாரப் பிரிவைக் கைகாட்டுகிறார். பூக்கும் முன்பே பிடுங்குவதுதான் முறை. ஆனால் பூத்துவிட்டதை விட்டுவைக்க முடியுமா? அது குவியலிலேயே காய்ந்து விதை உதிர்ந்து, நடக்க வருகிறவர்களின் செருப்போடும் மழைத் தண்ணீரோடும் மறுபடி உள்ளே போகிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே, பிடுங்கியதை அன்றே அள்ளச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பூத்து நின்ற செடிகள்மேல் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள். விதை நாலாபக்கமும் தெறித்தது. அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிட்டது. பில்லில் 'களை அகற்றப்பட்டது' என்றே இருக்கும்.

காடுகளில் உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் ஒழிக்க அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது. நகரப் பூங்காவுக்கு ஒரு டிராக்டர்கூடக் கிடையாதா? தலைவர்களின் பிறந்தநாள் பேனரை எந்த அனுமதியும் இல்லாமல் இதே வேலியில் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனதா தெரியவில்லை. பார்த்தீனியமும் அனுமதி வாங்கி வந்ததாகத் தெரியவில்லை. போகட்டும், கேட்க வந்தது அதுவல்ல.

பிடுங்கிய அன்றே ஒரு வண்டி. பூக்காததை உரக்கிடங்கில் மட்க வைக்கலாம், பூத்ததை ஆழமாகப் புதைத்துவிடலாம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வேலை முடியும். பத்தரைக்கு வண்டி வந்தால் போதும். ஏற்றிவிடுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பூங்காவில் களை பிடுங்குவோர்