தனிச் சட்டி வேண்டாம் மாப்ள

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அப்புறம் பிசியோதெரபி என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டதில் பதில் எழுத உட்காரவே முடியவில்லை. இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் வெங்காயம் நறுக்குகிற லட்சணத்தைக் குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஹாஸ்டல் பக்கம் போயிருந்தேன். நாம் கடன் சொல்லிச் சாப்பிட்ட பரோட்டாக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள், என் மருமகள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. நீயும் தங்கச்சியும் ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, அவளுக்கு ஒரு கஞ்சி, உங்களுக்கு ஒரு குழம்பு என்று இரண்டு சமையல் செய்கிறீர்கள். பிறகு ஒருத்தர் செல்போனைக் காட்ட, இன்னொருத்தர் ஊட்ட, அது முடிவதற்குள் உங்கள் சோறு ஆறிப்போகிறது. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு எதுக்குல தனிச் சமையல்? ஆறு மாசம் முடிந்ததும் இணை உணவு, ஒரு வயசில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற சாப்பாடு என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. காரம், உப்பு, முள், தொண்டையில் சிக்குகிற துண்டு, இந்த நாலையும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் காரத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறோம். நம் சமையலில் காரம் எப்போது விழுகிறது என்று பார். பெரும்பாலும் பாதிக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால் பிள்ளைக்கு ஆயிற்று. சாம்பாரில் பருப்பும் காயும் வெந்ததும், பொடி போடுமுன் எடு. கூட்டில் மிளகாய் அரைத்து ஊற்றுமுன் எடு. பொங்கலில் முழு மிளகைப் போட்டுவிட்டு அவள் தட்டில் பொறுக்கிக்கொண்டிருக்காதே, உங்கள் பங்குக்கு மட்டும் கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டு.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சொதி. உனக்குத் தெரியாததா, மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு. உன்னை மாப்ள என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. ஒரு தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்துக்கொள். மூன்றாம் பாலில் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி நான்கையும் வேகவிடு. முருங்கைக்காய் போட்டால் பிள்ளைக்குச் சதையை மட்டும் வழித்துக் கொடு, நார் ஆகாது. தனியாகக் குழைய வெந்த ஒரு கைப்பிடி பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து ஒரு கொதி விடு. இந்த இடத்தில்தான் அவளுக்கு இரண்டு கரண்டி சின்னக் கிண்ணத்துக்குப் போகவேண்டும், மேலே கொஞ்சம் முதல் பால். மீதியில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த விழுதும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்று. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு, கொதித்தால் திரிந்துவிடும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். உங்களுக்கு இஞ்சித் துவையலும் சிப்ஸும். அவளுக்குச் சொதியில் வெந்த உருளைக்கிழங்கைச் சோற்றோடு மசித்துவிடு. என் பையன் பட்டாணியை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். அப்படி நசுங்குகிற பதம்தான் அவர்களுக்குச் சரி.

வேலை நாளில் சொதிக்கெல்லாம் நேரம் ஏது? அதற்குத்தான் உளுந்தம்பருப்புச் சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை வாசம் வர லேசாக வறுத்துக் கழுவி அரிசியோடு குக்கரில் போடு. பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், நாலரை டம்ளர் தண்ணீர். நாலு விசில் விட்டால் முடிந்தது. மிளகாய் என்ற பேச்சே இல்லை. உப்பைக் குறைத்துப் போடு, பெரியவர்களுக்குத்தான் எள்ளுத் துவையலில் உப்பு இருக்கிறதே. அவள் பங்கை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடு, பூண்டும் வெண்ணெயாக மசிந்துவிடும். புனே மளிகைக் கடையில் சில்கேவாலி உடத் தால் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அதற்கும் முடியாத நாளில் முட்டை தோசை, இல்லையென்றால் இடியாப்பத்தில் தேங்காய்ப்பால், அதுவும் இல்லையென்றால் தயிர்ச்சோறு. அதற்காக யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

அவள் சாப்பிடுகிற அளவைப் பற்றி ஒன்று. முதல் வருஷத்தில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிற பிள்ளை, இரண்டாம் வருஷத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் நிதானப்படும். எங்கள் பிள்ளை டாக்டர் இதைப் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் என் வீட்டுக்காரி நிம்மதியானாள். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது நம் பாடு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பாடு. கீரையைத் துப்பினால் விட்டுவிடு, நாலு நாள் கழித்து மறுபடி தட்டு ஓரத்தில் வை. ஒரு புது ருசி பழக எட்டு, பத்துத் தடவைகூட ஆகலாம்.

பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று நீ எழுதவில்லை. அதைக் கவனி. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். உங்கள் மாமியார் டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கிறார்கள் என்றாயே, அதைப் பக்குவமாக நிறுத்தப் பார். உணவில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதில் டீ கெட்டி. கீரையில், பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அது நேர் எதிர் வேலை செய்யும். முழு நிலக்கடலையை மட்டும் கையில் கொடுத்துவிடாதே, அரைத்துச் சட்னியாகக் கொடு. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டு.

இதெல்லாம் செய்தாலும், மூன்று பேரும் ஒரே நேரத்தில் தரையில் உட்காரவில்லையென்றால் பாதிப் பலன்தான். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவளுக்கும் ஒரு தட்டு வைத்து விட்டுவிடுங்கள். பாதி தரைக்குப் போகும், போகட்டும், பேப்பர் விரித்துக்கொள். உன் தட்டிலிருந்து எடுக்க அவளாகவே கையை நீட்டுவாள். அதில் காரம் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு வாய் கொடு. நீ மென்று விழுங்குவதைப் பார்த்துத்தான் அவள் மெல்லப் பழகுகிறாள். உனக்கும் சுடச்சுட ஒரு கவளம் கிடைக்கும்.

தைக்கு ஊருக்கு வருகிறாயா இல்லையா? வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் என்னைப் படுத்தாதே. வரவில்லையென்றாலும் சொல், மருமகளுக்கு உளுந்தங்களி கிண்ட உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கிப் பார்சல் போடுகிறேன். அம்மா தங்கச்சியை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்
பாளையங்கோட்டை