நோட்டைத் திருத்தவில்லை: குவாதலூப் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

காரைக்காலிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் உனக்குச் சுலபம். ஆனால் "தமிழிலேயே எழுதுங்கள் அண்ணா, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நீதான் சொன்னாய். என் பிரெஞ்சும் அப்படியொன்றும் பீற்றிக்கொள்ளும்படி இல்லை.

உன் தாத்தாவின் பாட்டு நோட்டைப் படமெடுத்து நீ அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. பாட்டெல்லாம் தமிழ், எழுத்து மட்டும் பிரெஞ்சு. "தப்பையெல்லாம் திருத்திச் சரியான தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தாய். சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் 'வேப்பெலே' என்று இருந்ததை 'வேப்பிலை' என்று திருத்தினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் அம்மா யாரிடமோ, "ரெண்டு கொத்து வேப்பெல பறிச்சிட்டு வாடா" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தாத்தா தப்பாக எழுதவில்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் பாடியவர்கள் பேசியது புத்தகத் தமிழா என்ன? பிரெஞ்சு ஆட்சியிலுள்ள கரீபியன் தீவான உங்கள் குவாதலூப்பில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் தோட்டக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 'ஒரேலி' கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் உங்கள் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் போயிருக்கிறார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல் கிளம்பியது என்றாலும், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம் என்று கைநாட்டு வைத்த அந்த வயல்காட்டு ஜனங்களின் வாய்மொழிதான் உங்கள் நோட்டில் இருக்கிறது. மாரியம்மன் 'மாலியெமின்' ஆனாள், மதுரை வீரன் 'மால்தெவிலின்' ஆனான். பூசாரி 'பூசாலி', மத்தளம் 'மத்தலோம்'. 'ழ' வராததற்கு வெட்கப்படுகிறேன் என்றாயே, அது இங்கேயே பாதிப் பேருக்கு வராது.

நீ வந்தபோது மார்க்கெட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? கூடையிலிருந்த பாகற்காயைக் கையில் எடுத்து "பரோக்கா!" என்று கத்தினாய். காய்க்காரம்மா, "பாவக்காதான் கண்ணு, கிலோ அறுபது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். 170 வருடம் கழித்து ஒரு சொல் ஊர் திரும்பியிருக்கிறது, அவருக்கு அது வியாபாரம்.

போகியன்று இன்னும் வேடிக்கை. விடியற்காலையில் தெருவில் பழம்பாய் எரிவதைப் பார்த்து "வாவல்! வாவல்!" என்று குதித்தாய். அம்மா உனக்கு வாவல் மீன் சாப்பிட ஆசை என்று நினைத்து, பண்டிகை நாளில் மீனுக்கு எங்கே போவது என்று தவித்துப்போனார். அப்புறம்தான் நீ விளக்கினாய். வாவல் என்பது உங்கள் கார்னிவலின் ராஜா. ஜனவரி தொடங்கி வாரா வாரம் தோல் மேளமும் சங்கும் முழங்க ஊர்வலம் போய், சாம்பல் புதனன்று எல்லோரும் கறுப்பும் வெள்ளையும் உடுத்தி, ஒப்பாரி வைத்து அவன் பொம்மையைக் கொளுத்துவீர்கள். வீட்டுக் குப்பையை எரிக்கும் எங்கள் போகியைவிட, அழுதுகொண்டே ராஜாவை எரிக்கும் உங்கள் ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் வேறு. அன்று கோயிலில் ஒரு பெரிய மனிதர் உன்னிடம், "நீங்கள் இந்துவா, கிறிஸ்தவரா?" என்று கேட்டார். நீ யோசிக்காமல் "இரண்டும்" என்றாய். ஞானஸ்நானம் வாங்கியதையும், ஞாயிறு பூசைக்குப் போவதையும், மாலியெமினுக்கு விரதமிருந்து கிடா வெட்டி, அந்தக் கறியைக் 'கொலம்போ' என்னும் உங்கள் ஊர்க் குழம்பாக வைத்து வாழையிலையில் எல்லோருக்கும் போடுவதையும் சொன்னாய். அவர் முகம் சுளித்து, "இது முறையே இல்லை, நல்லபடியாகக் கற்றுக்கொண்டு போங்கள்" என்றார். நான் அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். மீதி உனக்குப் புரிந்துவிட்டது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அவரிடம் என்ன சொல்லியிருக்கலாம்? எங்கள் ஊர் எல்லைச்சாமிக்கும் கிடா வெட்டுகிறோம். மதுரை வீரனுக்கு இங்கே சுருட்டும் சாராயமும் என்றால், அங்கே சுருட்டும் ரம்மும், அவ்வளவுதான். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தில் நெற்றியில் திருநீறு பூசியவர்கள் எத்தனை பேர்! நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொள்ளாத மீனவர் வீடு இந்தக் கரையில் உண்டா? கப்பல் ஏறியவர்கள் கடலுக்குப் பயந்து நாகூர் ஆண்டவரைக் கும்பிட்டார்கள், கரை சேர்ந்ததும் மறக்கவில்லை. உங்கள் கோயிலில் கம்பம் நட்டுக் கொடி ஏற்றும் 'நாகூமிலா' யார் என்று உன் அப்பாவுக்கே தெரியாது என்றாயே, நாகூர் மீரான்தான் அவர். இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்.

நீ அனுப்பிய வீடியோவில் ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோயில் ஓரமாகக் காய்ந்த கரும்புத் தோகையைக் கொளுத்தி, நாலு பேர் தப்பு மேளத்தைத் தீயில் காட்டுகிறார்கள். ஒருவர் தோலை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, போதாது என்று மறுபடி காட்டுகிறார். இங்கேயும் அப்படியேதான், வைக்கோலில். ஆனால் இங்கே அந்தத் தப்பைப் பெரும்பாலும் சாவுக்குக் கூப்பிட்டு, அடிப்பவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய வரலாறு எங்களுடையது. உங்கள் ஊரில் அது அம்மனுக்கு நேர் எதிரே நின்று முழங்குகிறது. யார் யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்?

உங்கள் தீவில் எதுவும் தனியாக நிற்பதில்லை போலிருக்கிறது. ஆகஸ்டில் சமையல்காரப் பெண்கள் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியைத் தலையில் முடிந்து, பலகாரக் கூடைகளோடு சர்ச்சுக்குப் போய் மந்திரித்து வாங்குகிறார்களே, அந்தத் துணி எங்கள் கரையில் நெய்து போனது. அவர்களின் காவல் புனிதர் லோரான், இரும்புக் கம்பியில் வாட்டிக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவர். சமையல்காரர்களுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

"நான் முழுத் தமிழச்சியும் இல்லை" என்று ரயிலில் சொன்னாய். உங்கள் தீவின் கபெஸ்தேர் ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு 1904-ல் ஆரம்பித்த வழக்கு 1923-ல்தான் முடிவுக்கு வந்தது. அவர் கேட்டது பிரெஞ்சுக் குடியுரிமை. தமிழன் என்பதற்கு அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

அதனால் நோட்டை அப்படியே வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே, தாத்தா எழுதிய ஒலி மாறாமல், தமிழ் எழுத்தில் படியெடுத்து வருகிறேன். பதினேழாம் பக்கத்தில் 'சலங்கே' என்பதற்கு அப்புறம் ஒரு வார்த்தை ஈரம் பட்டுக் கரைந்திருக்கிறது. அப்பா அந்த வரியைப் பாடும்போது போனில் பதிந்து அனுப்பு.

அப்புறம், அடுத்த தடவை வரும்போது அரைக் கிலோ கொலம்போ பொடி கொண்டு வா. அதைப் போட்டு வாவல் மீன் குழம்பு வைத்துப் பார்க்க வேண்டுமாம் அம்மாவுக்கு. ஏர்போர்ட்டில் என்ன பொடி என்று கேட்டால், குழம்புப் பொடி என்று தமிழிலேயே சொல்.

அன்புடன்,
அண்ணன்