நிழலையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கனடாவின் புகழ்பெற்ற முகப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் உள்ள கனடா நாடாளுமன்றத்தில், படம் எடுப்பதற்காக, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்து அவர் சுருட்டைப் பிடுங்கிய கதையே முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுருட்டு போனதும் சர்ச்சிலின் முகம் கடுத்தது, சரி. அந்தக் கடுகடுப்பை நமக்குக் காட்டியது விளக்கு அல்லவா? முந்தின நாளே சபாநாயகர் அறையில் விளக்குகளைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தவர் கார்ஷ். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நாற்பது வருடம் ஸ்டூடியோ டார்க் ரூமில் கழித்தவன் என்பதால் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பாஸ்டனில் கார்ஷுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஜான் காரோ, பகல் வெளிச்சத்தை நம்பிப் படம் எடுத்தவர். பொழுது சாய்ந்தால் கேமராவை மூட வேண்டியதுதான். ஒட்டாவா வந்த கார்ஷ், அங்கிருந்த நாடகக் குழுவின் மேடையில் மின்விளக்கின் வித்தையைக் கற்றார். ஒரு விளக்கை நகர்த்தினால் நடிகரின் மனநிலையே மாறித் தெரிவதை அங்கேதான் கண்டார். பிற்பாடு, முகத்துக்கு ஒன்று, கைகளுக்கென்று தனியே ஒன்று என விளக்கு வைத்தது அவருடைய முத்திரையாகவே ஆனது. அவர் எடுத்த படங்களில் கைகளை மட்டும் பாருங்கள். அவையும் முகத்துக்குச் சமமாகப் பேசும்.

எனக்குச் சர்ச்சில் படத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1954இல் பிரான்சின் பிராத் ஊர் மடாலயத்தில் செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) கலைஞர் பாப்லோ கசால்ஸைக் கார்ஷ் எடுத்த படம். முகமே இல்லை, முதுகுதான். வெறும் கல்சுவர், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், மிச்சமெல்லாம் இருட்டு. முகம் காட்டாமல் ஓர் ஆளைக் காட்டிய அந்தத் துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்டுரையில் இந்தப் படத்தின் பெயர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் அச்சிட்ட சர்ச்சில் படத்தில் கோட்டும் பின்சுவரும் ஒரே கறுப்பாக அப்பிக்கிடக்கின்றன. நல்ல பிரிண்டில் கோட்டின் கறுப்பு வேறு, சுவரின் கறுப்பு வேறு. நடுவே எத்தனையோ சாம்பல் படிகள் உண்டு. கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்பு வெளுப்பு வேறுபாட்டை, கூட்டியதில் அத்தனையும் போய்விட்டன. தயவுசெய்து ஒரு முழுப் பக்கத்தில், நல்ல தாளில், கசால்ஸ் படத்தையாவது போடுங்கள். நிழல் பகுதியை வெளுப்பாக்கவும் வேண்டாம், அடர்த்தியாக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ புகைப்படக்காரர்,
தஞ்சாவூர்