பாப்பாவின் காருக்கு எந்த டயர்?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே இங்கிலாந்தில், கவென்ட்ரியில் நாங்கள் சௌக்கியம். ஓய்வு பெற்ற பிறகு என் சனி, ஞாயிறுகள் பெரும்பாலும் ஸ்பிரிண்ட் என்ற கார் போட்டி நடக்கும் இடங்களில்தான் கழிகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். டெர்பியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு உன் மகள் பாப்பா மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஸ்பிரிண்ட் ஓட்டப் போகிறேன் என்று சொன்னதில் நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று வரிக்கு வரி தெரிகிறது. ஆபத்து இல்லையா, மழை பெய்தால் என்ன டயர் போட வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். டயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் உன் பயத்தில் பாதி போய்விடும். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஸ்பிரிண்ட் என்பது நாம் கோயம்புத்தூரில் பார்த்த ரேஸ் மாதிரி இருபது கார் முட்டி மோதிக்கொண்டு ஓடுவது இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டும்தான். காரின் மூக்கில் கறுப்புப் பட்டை ஒன்றை நட்டுவைத்திருப்பார்கள். அது ஒளிக்கதிரை வெட்டும்போதுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும். பச்சை விளக்கு எரிந்த நொடியிலேயே பாய வேண்டிய அவசியம் இல்லை. மூச்சை இழுத்துவிட்டு, மனசு நிலைக்கு வந்த பிறகு கிளம்பலாம். மழை நாளில் இது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? காலையில் காரைச் சோதித்துப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஹெல்மெட், தீ தாங்கும் ஆடை, கையுறை எல்லாம் பார்ப்பார்கள். பாட்டரியின் எர்த் வயரில் மஞ்சள் அடையாளம் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள், விபத்து நடந்தால் உதவிக்கு ஓடிவருபவர் எந்த வயரைக் கழற்ற வேண்டும் என்று தேடக் கூடாது இல்லையா. ஒன்று மட்டும் பாப்பாவிடம் சொல்லி வை: சாதாரண கார் இன்சூரன்ஸ் போட்டியில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது.

நாம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த சோழவரம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், வெயில், தூசி, நடுவில் சீறிக்கொண்டு போன கார்கள். இங்கேயும் அதே கதைதான். போர் முடிந்ததும் சும்மா கிடந்த விமானத் தளங்கள் பல கார் ஓட்டும் இடங்களாக மாறின. குட்வுட், காசில் கூம், லிங்கன்ஷயரில் பிளைட்டன், வேல்ஸில் லாண்டோ என்று வரிசையாகச் சொல்லலாம். பாப்பா முதலில் போகப்போகிற கர்பரோவும் லிச்ஃபீல்ட் பக்கத்துப் பழைய விமானத் தளத்தில்தான் இருக்கிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

டயர் விஷயத்தின் முடிச்சே இந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது. ரேஸில் நாலைந்து சுற்று ஓடியதும் டயர் சூடாகும், ரப்பர் இளகும், பிடி கிடைக்கும். ஸ்பிரிண்டில் அதற்கு நேரமே கிடையாது. வரிசையில் அரை மணி நேரம் நின்று குளிர்ந்துபோன டயரோடு போய்க் கோட்டில் நிற்கிறாய், முதல் வளைவே உன் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கோட்டிலிருந்து 64 அடி தூரத்துக்குத் தனியாக நேரம் எடுத்துத் தாளில் காட்டுவார்கள், கிளம்பும்போது டயர் எவ்வளவு பிடித்தது என்று அதில் தெரியும். மழை நாளில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் யார் என்ன டயரில் வந்திருக்கிறார்கள் என்று காரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பாப்பாவிடம் டயர் கடையில் டோயோ ஆர்888ஆர் என்ற ட்ராக் டயரை வாங்கச் சொன்னார்களாம். நல்ல டயர்தான், நான் குறை சொல்லவில்லை. காய்ந்த ரோட்டில், கொஞ்சம் வெயிலும் இருந்தால், அதன் பிடி அபாரமாக இருக்கும். ஆனால் அதன் முகத்தைப் பார், பெரிய பெரிய ரப்பர் கட்டிகள், தண்ணீர் போக வழி குறைவு. தரை வெறுமனே ஈரமாக இருந்தால் சமாளிக்கும். தண்ணீர் தேங்கி நின்றால் மிதக்கும். ஏப்ரல் மாதத்துக் குளிரில், எட்டு டிகிரியில், முதல் வளைவில் அதை நம்பி ஒரு புதியவள் பிரேக் போடுவதை நான் விரும்பவில்லை. இங்கே சாலை டயர்களையும் இந்த மாதிரி ட்ராக் டயர்களையும் தனித்தனிப் பட்டியலாக வைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவில் எந்தப் பட்டியல் டயர் போடலாம் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். நுழைவுப் படிவத்தோடு வரும் விதிகளை அவள் வரி விடாமல் படிக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். முதல் வருஷம் ஒரே செட் டயர் போதும், அதுவும் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற நல்ல சாலை டயர். கர்பரோவுக்கு அதிலேயே ஓட்டிப் போய், அதிலேயே போட்டியில் ஓட்டி, அதிலேயே வீடு திரும்பலாம். எம்எக்ஸ்-5 இன் டிக்கியில் நாலு சக்கரம் அடங்காது. இரண்டாவது செட் வாங்கினால் பின்னாலேயே ட்ரெய்லர், ஜாக்கி, நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரென்ச் என்று செலவு நீளும். காய்ந்த நாளில் ட்ராக் டயர்காரர்களிடம் அவள் தோற்பாள்தான், தோற்கட்டும். ஆனால் கார் எப்போது வழுக்கத் தொடங்குகிறது, வழுக்கினால் எப்படித் திரும்பிப் பிடிக்க வேண்டும் என்று சாலை டயர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கும். ட்ராக் டயர் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்து சட்டென்று விட்டுவிடும்.

எந்த டயர் என்றால், யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் வகையைப் பார்க்கச் சொல். மழைக்கென்றே பள்ளங்களை வடிவமைத்திருக்கிறார்கள். பக்கச் சுவர் மெத்தென்று இருப்பதால் காய்ந்த வளைவில் கொஞ்சம் நெளியும், அது பரவாயில்லை. கடையில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஈரப்பிடிக்கு நல்ல தர எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தச் சோதனை ஈரத் தரையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு பிரேக் பிடித்துப் பார்ப்பது. தேங்கிய தண்ணீரில் டயர் எப்போது மிதக்கும் என்பதை அது சொல்லாது. அதற்கு டயரின் பள்ளம் எவ்வளவு ஆழம் என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே சட்டம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது. மழையில் வேகமாக ஓட்டுபவருக்கு அது போதவே போதாது. நான் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அந்த டயரை வெயில் நாளுக்கு ஒதுக்கிவிடுவேன். முன்னும் பின்னும் தேய்மானம் வேறாக இருந்தால் பள்ளம் அதிகமுள்ள ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். பின்சக்கர இழுவைக் காரில் வால் முதலில் போய்விட்டால் புதியவர்களால் பிடிக்க முடியாது. அப்புறம் டயரின் வயது. பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் வாரத்தையும் வருஷத்தையும் காட்டும். 1521 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 15 ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதுசு போல இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், குளிர் மழையில் அது பலகை மாதிரிதான்.

காற்றழுத்தம் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மழையில் காற்றைக் குறை, தொடும் இடம் அகலமாகும் என்று ஒருவர். கூட்டு, பள்ளம் விரிந்து நிற்கும் என்று இன்னொருவர். நான் நாசாவின் பக்கம். 1960களில் விமானச் சக்கரங்களை வைத்து அவர்கள் கண்டுபிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது: டயரின் பள்ளத்தைவிடத் தண்ணீர் ஆழமாக இருந்தால், டயர் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிஎஸ்ஐ அளவில் சொல்லும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். பழைய எம்எக்ஸ்-5 க்குச் சொல்லியிருக்கும் 26 பிஎஸ்ஐயில் அது சுமார் 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர் வேகம். 30 ஆக்கினால் 91 கிலோமீட்டர். கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, பள்ளம் நன்றாக இருந்தால் இன்னும் தாங்கும். ஆனாலும் தண்ணீர் தேங்கிய நாளில் காற்றை இறக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெல்லிய ஈரம் மட்டும் என்றால் புத்தகத்தில் சொன்ன அளவிலேயே விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியம், காலையில் ட்ராக்கை நடந்து பார்ப்பது. போட்டிக்கு முன் நடக்க அனுமதிப்பார்கள். தண்ணீர் எங்கே குளமாக நிற்கிறது, எங்கே குறுக்கே வழிந்தோடுகிறது, கான்கிரீட் எங்கே தாராக மாறுகிறது என்று காலாலேயே தெரிந்துகொள்ளலாம். வெயில் நாளில் எல்லாரும் போகும் பாதையில் ரப்பர் படிந்து பளபளக்கும், மழை விழுந்ததும் அதுதான் அதிகம் வழுக்கும். ஒரு கார் அகலம் விலகிப் போனால் சொரசொரப்பான தரை கிடைக்கும். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்தான் மோசம். எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் பிடி திரும்ப வந்துவிடும்.

நாம் சின்ன வயசிலேயே எம்ஆர்எஃப் பெயர் பார்த்து வளர்ந்தவர்கள். 2022 இல் எம்ஆர்எஃப் அணியின் ஸ்பானிய வீரர் எஃப்ரென் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனபோது இங்கே நண்பர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வருஷமே இங்கே ஒரு துக்கம். வில்ட்ஷயரில் மெல்க்ஷம் ஊரில் இருந்த ஏவன் டயர் ஆலை 2023 முடிவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ரப்பர் வேலை நடந்த இடம். மலைச்சாலையில் கார் ஏற்றும் போட்டிக்கும் ஸ்பிரிண்டுக்கும் வரும் சின்னச் சின்ன ரேஸ் கார்களுக்குப் பள்ளமே இல்லாத ஸ்லிக் டயரும் மழை டயரும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. வீட்டுக் கராஜில் கார் கட்டுபவர்களுக்காகவும் டயர் அச்சு வார்த்த ஆலை மூடினால், அந்த இடத்தை வேறு எது நிரப்பும்? கார்களை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக்கில் பழையவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆங்கில்சிக்கும் போக வேண்டும் என்கிறாள் பாப்பா. வேல்ஸின் வடமேற்கு மூலை, கடலை ஒட்டிய ட்ராக். நான் போகும்போது எம்54 நெடுஞ்சாலை வழியாகப் போய் ஏ5 ரோட்டைப் பிடிப்பேன், லாங்கொலன், பெட்டுஸ்-இ-கோய்ட் வழியாக. தாமஸ் டெல்ஃபோர்ட் போட்ட பாதை, மேனாய் ஜலசந்தியில் 1826 இல் திறந்த அவருடைய தொங்கு பாலமும் அதே பாதையில்தான். நேரம் கூடுதலாகும், ஆனால் மலைகளுக்கு நடுவே அந்த ரோட்டில் ஓட்டினால் போட்டிக்குப் போகிற அலுப்பே தெரியாது. காலைச் சோதனை சீக்கிரம் ஆரம்பிக்கும் என்பதால் முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிடுவது நல்லது. விடிய விடிய ஓட்டிவிட்டு தூக்கக் கண்ணோடு கோட்டில் நிற்கக் கூடாது.

அங்கே வானிலை அறிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது. ஐரிஷ் கடலிலிருந்து மேகம் வந்து கொட்டிவிட்டு இருபது நிமிஷத்தில் வெயிலடிக்கும். பிரிவு பிரிவாக ஓடுவதால் ஒரு பிரிவு காய்ந்த தரையிலும் அடுத்தது கொட்டும் மழையிலும் ஓடும், யாரையும் குறை சொல்ல முடியாது. பொதுவாக பயிற்சிக்கு இரண்டு ஓட்டம், நேரக் கணக்குக்கு இரண்டு. அந்த இரண்டில் எது நல்லதோ அதுதான் சேரும். மேகம் திரண்டு நிற்கிறது என்றால் நேரக் கணக்கின் முதல் ஓட்டத்திலேயே முழுசாக ஓட்டிவிட வேண்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. சக்கரம் மாற்ற ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்றி முடித்து வரிசைக்கு வருவதற்குள் வானம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒரே செட் என்பவளுக்கு அந்தப் பதற்றமும் மிச்சம்.

கர்பரோவுக்கு நானே கூட வருகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். காற்று அளக்கும் கருவியும் தார்ப்பாயும் என் காரில் இருக்கும். பிளாஸ்க்கில் காபியும் எலுமிச்சை சாதமும் வீட்டுக்காரி பொறுப்பு. நீ செப்டம்பரில் வர முடியுமா? அந்த மாதம் ஆங்கில்சியில் போட்டி இருந்தால் மூன்று பேரும் சேர்ந்தே போகலாம். விசாவுக்கு இப்போதே எழுதிப்போடு. முழங்கால் டாக்டரிடம் விமானப் பயணம் பற்றியும் கேட்டு எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்