வரி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் தொந்தரவு எனக்கு வராது, குப்பை அள்ளுகிற பெண்களுக்குத்தான் வரும்.

போன வாரம் வீட்டு வரி கட்டினேன். வீட்டு வரி 880, நூலக வரி 88, தண்ணீர்க் கட்டணம் 600, ஆக 1,568 ரூபாய். கடைக்குத் தொழில் வரி தனி. சில வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு இதில் பாதிகூடக் கட்டியதில்லை. வீடு ஒன்றும் மாறவில்லை, அதே ஓடு, உப்புக்காற்றில் காரை உதிர்கிற அதே பின்சுவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, கருவாடு வரத்து குறைந்துவிடும், அந்த இரண்டு மாதக் கடனை அடைத்து நிமிர்வதற்குள் அடுத்த செலவு வந்து நிற்கும். இதில் தண்ணீர்க் கட்டணத்தையும் கட்டிவிட்டு, குடிக்கிற தண்ணீரைக் குடம் 12 ரூபாய் என்று தள்ளுவண்டியில் வாங்குகிறோம். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கோபம் எங்கள் ஊரில் யார் மேல் திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். "நம்ம வரிப்பணம் பூரா இந்தக் கூட்டுற ஆளுங்க சம்பளத்துக்கே போகுது, தெரு எங்க சுத்தமா இருக்கு" என்று ஒருவர் ஆரம்பிக்க, நாலு பேர் ஆமாம் போட்டார்கள். இந்த வருஷம் யாரும் வரி கட்டக் கூடாது என்று ஒருவர். அந்த நேரத்தில் எதிரே வண்டி தள்ளிக்கொண்டு வந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் என் கடை வாசலுக்கு வந்தபோது கேட்டேன், சம்பளம் எவ்வளவுக்கா வருது என்று. "அஞ்சாயிரம் தம்பி. அதுவும் வந்து மூணு மாசம் ஆச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கிராமங்களில் தூய்மைக் காவலர் என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறோமே, அவர்களுக்கு முன்பு 3,600 ரூபாய், பிறகு 5,000 ஆக்கினார்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்குப்படி 15 நாள் கூலிக்கும் 40 ரூபாய் குறைவான காசுதான் இந்த அக்காவுக்கு ஒரு முழு மாசச் சம்பளம், அதுவும் கைக்கு வந்தால்!

கையுறை கிடையாது. பாலித்தீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் சணலால் கட்டியிருந்தார். எங்கள் ஊர்க் குப்பை மற்ற ஊர்க் குப்பை மாதிரி இல்லை, தெர்மாகோல் பெட்டித் துண்டு, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு வலை, நண்டு ஓடு, செதில், எப்போதாவது தூண்டில் முள்ளும் கிடக்கும். சோழகம் என்கிற தென்காற்று அடிக்கிற மாதங்களில் தெரு முழுக்க மணல் ஏறி வாய்க்காலை மூடிவிடும், காலையில் அள்ளிய இடத்தில் சாயங்காலம் திரும்பக் கிடக்கும். பையைக் கழற்றி வலது உள்ளங்கையைக் காட்டினார், கட்டைவிரலுக்குக் கீழே நண்டு ஓடு கீறிய காயம், அதற்குள் மஞ்சளை அப்பி வைத்திருந்தார். தெரு சுத்தமாக இல்லை என்று நாங்கள் டீ குடித்துக்கொண்டு பேசியது இந்தக் கையைப் பற்றித்தான்.

சம்பளம் ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். கையெழுத்து ஆகவில்லை என்று ஒருவர், மேலே இருந்து நிதி வரவில்லை என்று இன்னொருவர். எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கப்புறம் அரசு நியமித்த தனி அலுவலர்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்று நிபந்தனை வேறு இருக்கிறது. தலைவர் இருந்த காலத்தில் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சண்டையாவது போடலாம். இப்போது யார் வீட்டுக்குப் போவது? தேர்தல் தள்ளிப்போனதற்கு அந்த அக்கா காரணமில்லை, நானும் காரணமில்லை, ஆனால் வரி வசூல் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

வரி கட்டாதீர்கள் என்று சொல்கிற அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் கட்டுகிற வீட்டு வரிக்கு ஈடாக அதே அளவு தொகையை மாநில அரசு ஊராட்சிக்கு மானியமாகக் கொடுக்கிறது. நான் 880 ரூபாயை நிறுத்தினால் ஊருக்கு நஷ்டம் 1,760 ரூபாய். அந்தப் பள்ளத்தில் முதலில் விழுவது தெரு விளக்கும் குப்பை வண்டியும்தான். (நூலக வரி 88 ஊராட்சியில் தங்காது, நூலகங்களை நடத்துகிற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, என் மகள் படிப்பதே நூலகத்தில்தான்.)

ஆகவே நான் வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. கட்டிய காசுக்குக் கணக்குக் காட்டுங்கள் என்கிறேன். கிராம சபையில் வரவு செலவைக் காட்டப் படிவம் 30 என்று ஒன்று இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டத்தில் மட்டும் அதைக் கடகடவென்று வாசித்து மடித்து வைக்காமல், ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கிற எழுத்தில் ஒட்டி வையுங்கள். எத்தனை தூய்மைக் காவலர், எந்த மாதம் வரை சம்பளம் கொடுத்தாயிற்று, எத்தனை மாதம் பாக்கி என்று அதில் ஒரு குறிப்பு இருக்கட்டும். தொட்டியில் ஏறித் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும் அதே போல ஒரு குறிப்பு. வரி பாக்கி வைத்தவர் பட்டியல் வைத்திருக்கிற அலுவலகத்துக்குச் சம்பள பாக்கிப் பட்டியல் போடுவது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் சம்பளமும், ஆளுக்கு இரண்டு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்?

அடுத்த கிராம சபைக்கு வந்து நீங்களே பேசுங்களேன் என்று அக்காவிடம் கேட்டேன். "அன்னைக்கு நாற்காலி போடுறதும் எடுக்கிறதும் நாங்கதான் தம்பி. எங்கிட்டு உக்காந்து பேச?" என்றார். அதனால் நான் போய்க் கேட்கப் போகிறேன், இந்த ரசீதையும் கையில் கொண்டு போவேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வெளிவந்தால் டீக்கடையில் பேசிய அந்த நாலு பேரும் வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் கருவாட்டு வியாபாரி,
ராமநாதபுரம் மாவட்டம்.