வலது பக்க ஸ்பீக்கர் பற்றி மூன்றாவது புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற டீ மேக்கர் (தேயிலை ஃபேக்டரி),
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஸ்டீரியோ செட்டின் வலது ஸ்பீக்கரில் உள்ள குறை, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவுகள், "ஒலியை அளக்க முடியாது" என்ற தங்கள் பதில் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த கார்த்திகையில் கோவையில் உள்ள தங்கள் ஷோரூமில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர்களும் ₹68,500 கொடுத்து வாங்கினேன். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் எனக்கென்று செய்துகொண்ட செலவு இது ஒன்றுதான். பர்லியார் வளைவுகளில் பெட்டி குலுங்கிவிடக் கூடாதே என்று டெம்போ டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

மூன்றாம் நாளே குறையைக் கண்டுபிடித்தவர் என் மனைவி. உதகை வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்தவர், "ஏங்க, இவரு ஏன் ஜன்னல் பக்கமாவே உட்கார்ந்து படிக்கிறாரு?" என்றார். ஜன்னல் பக்கம் இருப்பது இடது ஸ்பீக்கர். ஒரே குரல் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் வந்தால், நேர் நடுவில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது நடுவிலிருந்துதான் வரும். அவருக்கு அப்படி வரவில்லை. அவர் சொன்ன பிறகு எனக்கும் வரவில்லை.

ஆம்ப்ளிஃபயரில் கோளாறோ என்று முதலில் ஒயரை இடம் மாற்றினேன். குறை மாறவில்லை. பெட்டிகளையே இடம் மாற்றியதும் செய்தி வாசிப்பவர் கதவுப் பக்கம் போய்விட்டார். ஆக, குறை அறையிலும் இல்லை, ஆம்ப்ளிஃபயரிலும் இல்லை. வலது என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

முதல் புகாருக்குத் தங்கள் டெக்னீஷியன் வந்தார். மலைமேல் வருவதற்கென்று ₹900 தனியாக வாங்கிக்கொண்டார். தன் கைப்பேசியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டைச் சத்தமாகப் போட்டார், தலையை ஆட்டினார், "நல்லாத்தானே இருக்கு சார்" என்றார். நிஜமாகவே நல்ல பிள்ளை, நான் கொடுத்த டீயை ரசித்துக் குடித்தார். ஆனால் அவர் பையில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர் தவிர வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது புகாருக்குத் தங்கள் மின்னஞ்சல் வந்தது. "ஒலித்தரம் என்பது அவரவர் ரசனையைப் பொறுத்தது, அதைப் புறவயமாக அளக்க இயலாது" என்று எழுதியிருந்தீர்கள். இந்த மூன்றாவது கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

அளக்க முடியாது என்றால், தங்கள் அட்டைப்பெட்டியில் இருப்பவை என்ன? "2 x 100 வாட்", "40 - 20,000 ஹெர்ட்ஸ்", "டிஸ்டார்ஷன் 0.1%" (ஒலி சிதையும் அளவு), மேலே தங்க எழுத்தில் "அசல் ஹை-ஃபை". விற்கும்போது எண்ணைக் காட்டுகிறீர்கள், குறை சொன்னால் ரசனைக்குள் போய் ஒளிந்துகொள்கிறீர்கள்.

முப்பத்தொரு வருடம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் நான். ரசனைக்கும் அளவுக்கும் நடுவில் நின்றே தலை நரைத்தது. டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், அது மீட்டர் வேலை. ஃபெர்மென்டிங் போதுமா என்பது மூக்கின் வேலை. கடைசியில் டேஸ்டர் நாக்கில் போட்டுப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்வார். ஆனால் அந்த நாக்குக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நூறு மில்லி கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல், எல்லாம் ஒரே மாதிரிக் கோப்பைகள். ஐ.எஸ்.ஓ. 3103 என்று இதற்கு உலக அளவில் ஒரு நியமமே இருக்கிறது. எந்தத் தோட்டத்துத் தூள் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்ல டேஸ்டரின் நாக்குகூட ஏமாறும், அதை நானே பார்த்திருக்கிறேன்.

இதையே ஒலியிலும் செய்திருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்பவர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து, சத்தத்தை ஒரே அளவில் வைத்து, ஆட்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலானோர் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களையே தேர்ந்தெடுத்தார்கள். எதிரொலி இல்லாத அறையில் அளந்தபோது எவை நேராகவும் சீராகவும் ஒலித்தனவோ, அவைதான் அவை. பிறகு ஷான் ஆலிவ் 2004இல், அந்த அளவீடுகளை மட்டும் வைத்தே கேட்பவர் தரும் மதிப்பெண்ணைப் பெருமளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். ரசனை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹை-ஃபை என்பதன் விரிவு ஹை ஃபிடலிட்டி; ஃபிடலிட்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் இனிமை இல்லை, விசுவாசம். உள்ளே போன பதிவுக்கு வெளியே வரும் ஒலி எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. பேஸைக் கூட்டிக் கேட்பது டீயில் சர்க்கரை கூட்டிப் போடுவது மாதிரி, அது என் இஷ்டம். தூளிலேயே மண் கலந்திருந்தால் அதையும் என் இஷ்டம் என்பீர்களா?

ஆகவே அளந்தேன். என் தங்கை மகன் கோவையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது அளவீட்டு மைக் ஒன்றையும் மடிக்கணினியையும் கொண்டுவந்தான். அறையின் குறுக்கீடு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கோட்டில் நிறுத்தினோம். மைக் ஒரு மீட்டர் தூரத்தில், ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கும் உயரத்தில். கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே வரை வழுக்கிச் செல்லும் ஒலியை ஓடவிட்டு, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம்.

1,500 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. அதன்பின் வலது கோடு கிணற்றில் விழுகிறது. 2,800 ஹெர்ட்ஸில் இடதைவிட 14 டெசிபல் கீழே, அதாவது சக்தியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 5,000க்கு மேல் மறுபடியும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மைக்கை நகர்த்தி மூன்று முறை எடுத்தோம், கிணறு அதே இடத்தில்தான். பெரிய ஸ்பீக்கரும் ட்வீட்டரும் வேலையை மாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் எல்லை அது. வலது பெட்டியில் ட்வீட்டரின் இரண்டு ஒயர்களும் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தங்கை மகனின் கணிப்பு. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் அந்த எல்லையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் வாரண்டி சீல் உடையும் என்பதால் கை வைக்கவில்லை. குரலின் தெளிவு பெரும்பாலும் குடியிருப்பது அந்தப் பகுதியில்தான். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 3,000, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான்.

வரைபடம் போதாது என்பீர்களோ என்று இன்னொன்றும் செய்தோம். மனைவியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் சமமாக வைத்து, காசு சுண்டிப் போட்டு, எது ஒலிக்கிறது என்று அவரைச் சொல்லச் சொன்னோம். பன்னிரண்டு முறை. பன்னிரண்டும் சரி. குருட்டாம்போக்கில் சொல்லி அப்படி அமைய 4,096இல் ஒரு வாய்ப்புதான். (பதின்மூன்றாவது முறை கேட்டபோது, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விட்டார். அது கணக்கில் சேராது.)

இனி, தங்கள் சேவை மையத்தில் தொலைபேசியில் சொன்ன காரணங்கள்.

"மலைப் பிரதேசம் சார், காற்று லேசு." உண்மைதான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் மொத்தச் சத்தம் ஒன்றரை டெசிபல் குறையலாம், குமிழைக் கொஞ்சம் திருகினால் தீர்ந்தது. ஆனால் இடது பெட்டிக்கு மேட்டுப்பாளையத்துக் காற்று, வலது பெட்டிக்குக் குன்னூர்க் காற்று என்று மலை பிரித்தா அனுப்புகிறது?

"சார் வயசு என்ன?" அறுபத்தேழு. பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்குக் கேட்பதில்லை; என் பேத்தி காதைப் பொத்திக்கொண்ட ஒலி எனக்கு வெறும் மௌனமாக இருந்தது. அதனால்தான் மைக்கை நம்பினேன். அதற்கு வயதாகவில்லை. குறை இருப்பதோ 2,800இல், அது எனக்கும் நன்றாகவே கேட்கிறது.

"ரூம் செட் ஆகலை." இதில் பாதி நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். என் அறை 4.2 மீட்டர் நீளம். 40 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு முழக்கம் எழுகிறது. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலையின் வேலை அது. அதற்குத் தங்களைக் குறை சொல்லவில்லை, பெட்டிகளைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டேன், ஓரளவு அடங்கியது. நான் கேட்பது கிணற்றைப் பற்றி.

அட்டைப்பெட்டி எண்களையும் விட்டுவிட முடியாது. 40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டவர்கள், எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று போடவில்லை. அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இருபது டெசிபல் கீழே முனகினாலும் ஒலித்ததாகக் கணக்குக் காட்டிவிடலாம். 100 வாட் எத்தனை ஓம் மின்தடையில், எவ்வளவு டிஸ்டார்ஷனில், இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போதா? கேசட் காலத்தில் கைக்கு அடக்கமான டேப்ரெக்கார்டரில் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்" என்று, கண நேர உச்சத்தை வைத்து ஊதிக் காட்டும் கணக்கை ஒட்டி விற்றார்களே, அந்த வித்தையைத்தான் தங்கள் பெட்டியிலும் பார்க்கிறேன். ஜெர்மனியில் ஹை-ஃபை என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று டின் 45500 என்ற நியமத்தை 1966இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1974இல் ஃபெடரல் டிரேட் கமிஷன், வாட் கணக்கை விளம்பரப்படுத்துகிறவர் ஓம், அலைவரிசை, டிஸ்டார்ஷன் மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. அளக்க முடியாததற்கா இத்தனை பேர் விதி எழுதினார்கள்?

தந்தி மாரியம்மன் திருவிழாவில் தவிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று கேட்டவன் நான். அது என் வீட்டுக்குள் அப்படியே வந்துவிடும் என்று எந்தப் பெட்டியிடமும் எதிர்பார்க்கவில்லை. பதிவில் இருப்பது வந்தால் போதும். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி வந்தால் போதும்.

கேட்பவை இவைதான். வலது ஸ்பீக்கரை மாற்றித் தர வேண்டும். புதிதாக வருவதும் இடதும் ஒத்திருக்கின்றன என்பதற்குத் தங்கள் தொழிற்சாலையின் அளவீட்டு வரைபடம் கூடவே வர வேண்டும். முடியாவிட்டால் செட் முழுவதையும் எடுத்துக்கொண்டு ₹68,500ஐத் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதுவானாலும், அளக்காமல் திரும்பிப் போன வருகைக்கு வாங்கிய ₹900ம் திரும்ப வேண்டும். பதினைந்து நாளுக்குள் பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் வசிக்கும் இந்த மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடுவேன். அட்டைப்பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதானால் மைக்கோடு அனுப்புங்கள். காலையிலேயே வரட்டும், மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் மலைப்பாதையில் இறங்குவது அவருக்குத்தான் சிரமம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.

இணைப்பு: பில் நகல், இரண்டு ஸ்பீக்கர்களின் வரைபடம், அட்டைப்பெட்டியின் புகைப்படம், ₹900 ரசீது.